வீட்டில் தைக்கும் பஞ்சுப் போர்வை: தையலும் முடிப்பும் கணக்கும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

தறியிலிருந்து இறங்கும் துணி முழுவதும் விற்பனைக்கு ஏற்றதாக அமைந்துவிடுவதில்லை. பாவின் கடைசியில் நின்றுவிட்ட துண்டு, நிறம் சற்று மாறிப்போன கஜம், அளவு குறைந்த விரிப்பு ஆகிய இவை ஒவ்வொரு நெசவாளர் சங்கத்தின் கிடங்கிலும் சேர்ந்துகொண்டே வருகின்றன. தணிக்கைக் காலத்தில் இவற்றை எண்ணி, மதிப்பைக் குறைத்தெழுதி, மறுபடியும் அதே அலமாரியில் அடுக்கி வைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மறுபுறம், பருத்தி பயிரிடும் அங்கத்தினர், நுண்ணூலுக்கு உதவாத குட்டை இழைப் பஞ்சை எங்கே கொண்டு விற்பது என்று கேட்கிறார். இவ்விரு சரக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பயனாக்கும் பண்டம் ஒன்று உண்டு. அதுவே பஞ்சுப் போர்வை. வடநாட்டில் ரஜாய் என்று வழங்கப்படுவதும் இதுவே.

இதனைத் தைப்பதற்கு இயந்திரமோ பெருமுதலோ தேவையில்லை. ஊசியும் நூலும் விரித்து உட்கார இடமும் போதும். ஆகவே வீட்டிலிருக்கும் பெண்களுக்கு உகந்த தொழில் என்று பல சங்கங்கள் இதில் ஆர்வங் காட்டுகின்றன. ஆர்வம் நன்றே. ஆயினும், இதில் இரண்டு செய்திகளைத் தெளிவாக அறிந்துகொண்டே இறங்க வேண்டும். முதலாவது, பஞ்சுப் போர்வையின் தரம் கடையில் விரித்துக் காட்டும்போது தெரிவதன்று. முதல் சலவைக்குப் பிறகே தெரிவது. இரண்டாவது, அதில் அடங்கிய உழைப்பு மிகப் பெரிது. எண்ணிப் பாராதவருக்கு அது கண்ணில் படாது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சுப் போர்வை என்பது யாது?

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது வேறு துணி. இம்மூன்றும் நகராதபடி ஊடுருவித் தைத்த விரிப்பே பஞ்சுப் போர்வை. நடுவிலுள்ள பஞ்சில் சிறைப்பட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது. தையலோ அழகுக்காக மட்டும் இடுவதன்று. பஞ்சை அதனதன் இடத்தில் நிறுத்தும் வேலி அது.

நம் நாட்டில் இத்தொழில் பல வடிவங்களில் வாழ்கிறது. ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் நன்றாக அடித்த பஞ்சை மெல்லியதாகப் பரப்பி, எடை தெரியாத ரஜாய்களைத் தைக்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே இல்லை. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அப்புடவைகளின் கரையிலிருந்தே உருவியெடுத்த நூலால் தைப்பது அதன் பழைய முறை. பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கன்னடநாட்டில் கௌதி என இவ்வாறே பழந்துணியால் ஆகும் போர்வைகள் உண்டு. வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகள் தமக்கெனத் தனி அழகு வாய்ந்தவை. பழைய வேட்டியையும் நூற்புடவையையும் பல மடிப்பாக்கித் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிப்பது நம் வீடுகளிலும் பாட்டிமார் காலந்தொட்டு உள்ளதே. ஆகவே இது நமக்குப் புதிய வித்தையன்று. விற்பனைக்கேற்ற ஒழுங்குதான் புதியது.

‘நம் சமவெளியின் வெப்பத்தில் இதனை யார் போர்த்துவார்?’ என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. கனத்த போர்வைக்கு உதகமண்டலம், கோடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களே உரிய சந்தை. சமவெளியில் மெல்லிய போர்வையும், குழந்தை விரிப்பும், கட்டில் மேல்விரிப்புமே செல்லும். எதைத் தைப்பது என்பதைச் சந்தையைக் கேட்டு முடிவு செய்த பின்னரே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு சங்கத்தில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், மலையூர் விடுதி ஒன்றுக்கு அனுப்பிய பஞ்சுப் போர்வைகள் திரும்பி வந்து கிடந்ததைப் பார்த்தேன். தையல் குறையற்றது. ஆனால் முதல் சலவையில் மேல்துணி சுருங்கியது, கீழ்த்துணி சுருங்கவில்லை. போர்வை முழுவதும் கோணிக்கொண்டது. சிவப்புக் கட்டங்களின் சாயம் வெள்ளைக் கட்டங்களில் ஏறியிருந்தது. தையல் வரிகளுக்கிடையே ஒரு சாணுக்குமேல் இடைவெளி விட்டிருந்தமையால் பஞ்சு திரண்டு மூலைகளில் உருண்டுகொண்டது.

விடுதி பணம் தர மறுத்தது. அந்த நட்டத்தைச் சங்கம் எப்படி எழுதியிருந்தது என்று கணக்கைப் புரட்டினேன். தைத்த பெண்களின் கூலியில் பிடித்தம் செய்திருந்தார்கள். துணியை நனைக்காமல் கொடுத்தது சங்கம். சாயத்தைச் சோதிக்காமல் கொடுத்தது சங்கம். எத்தனை அங்குலத்திற்கு ஒரு தையல் என்று சொல்லாமல் விட்டதும் சங்கம். பிழை ஓரிடத்தில் இருக்க, தண்டம் வேறிடத்தில் விழுந்தது. பிடித்தத்தைத் திருப்பித் தருமாறு குறிப்பெழுதினேன். தொகையும் திருப்பித் தரப்பட்டது. ஆனால் அப்பெண்களுள் பலர் அதன்பின் அச்சங்கத்திற்குத் தைக்க முன்வரவில்லை. ஆகவே கீழே கூறும் படிகளில் எது சங்கத்தின் கடமை, எது தைப்பவரின் கடமை என்பதைப் பிரித்தே கூறுகிறேன்.

துணியை ஆயத்தம் செய்தல்: சங்கத்தின் கடமை

தறித்துணியில் பாவுக்கு இட்ட கஞ்சி இருக்கும். கஞ்சியோடு தைத்தால் ஊசி இறங்குவது கடினம். நாளடைவில் பூச்சியும் வரும். எனவே துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரமிட்டு அலசி, நிழலில் உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். இதனால் கஞ்சி நீங்குவதோடு, சுருங்க வேண்டிய அளவும் சுருங்கிவிடும்.

சுருக்கத்தை அளந்தறிவது எளிது. துணியில் பாவின் வழியே 50 சென்டிமீட்டரும், ஊடையின் வழியே 50 சென்டிமீட்டரும் நூலால் அடையாளமிட்டுத் துவைத்து உலர்த்தி மறுபடியும் அளக்கவும். 50 என்பது 47 ஆனால் சுருக்கம் நூற்றுக்கு 6. 90 அங்குல நீளமுள்ள துணியில் இது ஐந்தரை அங்குலத்திற்குச் சமம். மேல்துணி இவ்வாறு சுருங்கி, ஆலைத்துணியான கீழ்த்துணி சுருங்காமல் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சாயச் சோதனை. வண்ணத் துணியில் ஒரு துண்டை நனைத்து, ஈரமான வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி, கல்லின் அடியில் ஓர் இரவு வைக்கவும். காலையில் வெள்ளையில் கறை தெரிந்தால் அத்துணி கலப்புப் போர்வைக்கு ஆகாது. அதனை ஒதுக்கிவிடவே வேண்டுமென்பதில்லை. ஒரே நிறத்தில் முழுத்துணியாகத் தைக்கும் போர்வைக்கு, பலமுறை அலசிய பின் பயன்படுத்தலாம். கரு நீலம், அடர் சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களைச் சோதிக்காமல் ஒருபோதும் வெட்டலாகாது.

பஞ்சு

இந்த வேலைக்கு விலையுயர்ந்த நீளிழைப் பஞ்சு தேவையில்லை. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-ல் வெளிவந்த சுவின் போன்ற மிக நீண்ட இழை நுண்ணூல் நூற்பதற்கென்றே பிறந்தது. அதைப் போர்வைக்குள் அடைப்பது வீண் செலவு. கரிசல் நிலத்துக் கருங்கண்ணி முதலிய நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது, சற்று முரடானது. அம்முரட்டுத்தன்மையே இங்கே குணமாகிறது. முரட்டு இழை எளிதில் அமுங்கிப் படிந்துவிடாது. வெயிலில் காயவைத்தால் மீண்டும் எழும்பும்.

பருத்தி அங்கத்தினர்கள் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. விதைப் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சு. சுத்தம் செய்வதில் போகும் கழிவையும் சேர்த்தால், மெல்லிய போர்வை ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோவிற்குச் சற்றுக் குறைந்த விதைப் பருத்தி செல்லும். அதாவது ஒரு குவிண்டாலில் சுமார் 70 போர்வைகள் ஆகும். எனவே இத்தொழில் ஒரு வட்டாரத்தின் விளைச்சல் முழுவதையும் வாங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஆயினும் சிறு அளவில் நல்ல விலைக்கு ஒரு வழி திறக்கும்.

போடிநாயக்கனூர்ப் பகுதியில் பேர்பெற்ற இலவம் பஞ்சைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இலவம் தலையணைக்கும் மெத்தைக்கும் மிகச் சிறந்தது. ஆனால் அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பற்றாது. மெல்லிய போர்வையில் அது நகர்ந்து ஒதுங்கிவிடும். துணியின் கண்களிலும் ஊசித்துளைகளிலும் வெளியேறும். ஆகவே போர்வைக்குப் பருத்தியே ஏற்றது. நூற்பாலைக் கழிவுப் பஞ்சில் தூசியும் மிகக் குட்டையான இழைகளும் மிகுதி. விலை மலிவென்று அதனை வாங்கினால் சில சலவைகளில் அது பொடியாகித் திரளும்.

பஞ்சை வில்லாலோ இயந்திரத்தாலோ நன்றாக அடித்து, முடிச்சும் விதைத்துணுக்கும் நீக்கிய பிறகே எடை போட வேண்டும். எடை போட்டுக் கொடுப்பதும் சங்கத்தின் கடமையே.

ஓர் அளவு, ஒரு கணக்கு

புதிதாகத் தொடங்கும் சங்கத்திற்கு ஒரே ஓர் அளவைப் பரிந்துரைக்கிறேன்: அகலம் 54 அங்குலம், நீளம் 78 அங்குலம். இதற்குக் காரணம் உண்டு. கரூர், சென்னிமலை முதலிய இடங்களில் நெய்யப்படும் 60-க்கு 90 அங்குலப் படுக்கை விரிப்பை வாங்கித் துவைத்தால், நூற்றுக்கு 5 சுருங்கினாலும் 57-க்கு 85 அங்குலம் நிற்கும். ஒட்டுப் போடாமலே கீழ்த்துணி கிடைத்துவிடும். நான்கு புறமும் ஒன்றரை அங்குலத்திற்குக் குறையாமல் மிகுதியும் இருக்கும்.

மேல்துணியைத் துண்டுகளால் ஆக்குவதாயின், தைத்தபின் 6 அங்குலம் நிற்கும்படி ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டவும். அகலத்தில் 9, நீளத்தில் 13, ஆக 117 சதுரங்கள் வேண்டும். பாவும் ஊடையும் நேராக நிற்கும்படியே வெட்ட வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபடும் என்பது நெசவாளருக்குத் தெரிந்ததே. அவ்வாறு இழுபட்ட சதுரம் ஒன்று நுழைந்தால் வரிசை முழுவதும் கோணும். இணைக்கும் தையலுக்கு எல்லா இடத்திலும் கால் அங்குலமே விட வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் இழை அளவு கூடினாலும், ஒன்பது சதுரங்களில் அது அரை அங்குலமாகத் திரளும்.

பஞ்சின் எடையைப் பரப்பளவால் கணக்கிட வேண்டும். இந்த அளவுப் போர்வையின் பரப்பு சுமார் 2.7 சதுர மீட்டர். சமவெளிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிராம் போதும். ஆக மொத்தம் சுமார் 410 கிராம். மலையூருக்குச் சதுர மீட்டருக்கு 350 கிராம் வைத்தால் சுமார் 950 கிராம் ஆகும்.

அடுக்குதல்: தைப்பவரின் கடமை

பெருக்கித் துடைத்த தரையில் கீழ்த்துணியை நல்ல பக்கம் தரையை நோக்கும்படி விரித்து, சுருக்கமின்றி இழுத்து ஓரங்களை ஒட்டுநாடாவாலோ கனமான பொருளாலோ நிறுத்தவும். சுண்ணக்கட்டியால் ஆறு சம பாகங்களாகக் கோடிடவும். பஞ்சையும் ஆறு சம எடையாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பங்கைப் பரப்பவும். இவ்வாறு செய்தால் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போகாது. பஞ்சை ஒரே தடவையாக இடாமல், முதலில் பாதியை நீளவாட்டிலும் பின்பு மீதியைக் குறுக்குவாட்டிலும் பரப்பினால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். விளக்கொளியில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேடுபள்ளம் தெரியும்.

அதன்மேல் மேல்துணியை மெதுவாக விரித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தடவி விடவும். பிறகு நீண்ட தையலாகத் தற்காலிகத் தையல் இட வேண்டும். இதுவும் நடுவிலிருந்து தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் நீளத்திலும் அகலத்திலும் செல்ல வேண்டும். வேலை முடிந்தபின் பிரித்தெடுக்கப்போகும் தையல்தானே என்று இதனைச் சிக்கனம் செய்பவரே பின்னர் துணி மடிந்து துன்புறுவர்.

தையல்

ஊசி குட்டையாகவும் மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். நூல் உறுதியான முறுக்குடைய பருத்தி நூல்; தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் சிக்கலும் பிசிரும் குறையும். ஒரு முழத்திற்கு மேல் நூல் கோக்கலாகாது. முடிச்சைச் சற்று இழுத்து மேல்துணியின் கண்வழியே உள்ளே செலுத்திவிட்டால் அது பஞ்சுக்குள் மறைந்து நிற்கும். வெளியே தெரியும் முடிச்சு சலவையில் அறுந்துபோகும்.

சாதாரண ஓட்டுத்தையலே இதற்குரியது. அங்குலத்திற்கு ஆறு தையல் நல்ல வேலை. ஐந்துக்குக் குறையக் கூடாது. தையல் ஒவ்வொன்றும் கீழ்த்துணி வரை இறங்கியதா என்பதை அடியில் வைத்த இடக்கை விரல் சொல்ல வேண்டும். வலக்கை நடுவிரலுக்கு விரலுறை அவசியம். பல மணி நேரம் தைப்பவருக்கு அது அணியன்று, காப்பு.

தையல் வரிகளின் இடைவெளியே போர்வையின் ஆயுளைத் தீர்மானிப்பது. பரப்பிய பஞ்சானால் 3 அங்குலத்திற்கு மேற்படலாகாது. நீளத்திலும் அகலத்திலும் வரிகள் செல்ல வேண்டும். நடுவில் பஞ்சுக்குப் பதில் துணி வைத்துத் தைத்தால் அது நகராது; ஆகையால் ஒரே திசையில் வரிகள் இட்டாலும் போதும். எவ்வகையாயினும் தையல் நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிய வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிகுதித் துணி நடுவில் குவிந்து புடைத்து நிற்கும். தைத்து முடிந்தபின் போர்வை ஓர் அங்குலம் வரை குறுகக்கூடும், அது குறையன்று.

முடிப்பு

ஓரம் கட்டுவதே முடிப்பு. போர்வை முதலில் நைவது ஓரத்திலேதான். இழுக்கும் கையும் உரசும் கட்டிலும் அங்கேயே படுகின்றன. ஆகவே ஓரத்திற்கு இரட்டை மடிப்புப் பட்டை இட வேண்டும்.

நேரான ஓரங்களுக்கு மூலைவாட்டில் வெட்டிய பட்டை, அதாவது தையற்காரர் கூறும் ‘கிராஸ் பீஸ்’ தேவையில்லை. நேராக வெட்டிய இரண்டரை அங்குலப் பட்டையே போதும், துணியும் மிச்சம். மூலைகளை வளைவாக அமைத்தால் மட்டுமே மூலைவாட்டுப் பட்டை வேண்டும். நம் அளவுக்குச் சுற்றளவு 264 அங்குலம். மூலைகளுக்கும் முடிவுக்கும் 12 அங்குலம் சேர்த்து 276. துவைத்தபின் 46 அங்குலம் நிற்கும் துணியில் ஏழு பட்டைகள் வெட்ட வேண்டும். பதினேழரை அங்குலத் துணி செல்லும். பட்டைகளை ஒன்றோடொன்று சாய்வாக இணைத்தால் ஓரிடத்தில் தடிப்பு நிற்காது.

முதலில் தற்காலிகத் தையலைப் பிரித்து, ஓரங்களை மூலைமட்டம் வைத்துச் சமமாக வெட்டவும். பட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்து, வெட்டிய ஓரங்கள் போர்வையின் மேற்பக்க ஓரத்தோடு பொருந்த வைத்துக் கால் அங்குலம் உள்ளே தைக்கவும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, மீண்டும் கீழ்நோக்கி இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடர வேண்டும். பின்பு பட்டையைக் கீழ்ப்புறம் திருப்பி, முதல் தையல் மறையும்படி மறைதையலிட்டால் மூலை கூர்மையாக நிற்கும். உள்ளே வெற்றிடமின்றிப் பட்டை நிறைந்திருக்கிறதா என்று விரலால் நெருடிப் பார்க்கவும். வெற்றுப்பட்டை விரைவில் கிழியும்.

இறுதியாக, ஒவ்வொரு போர்வையும் சங்கத்தை விட்டு வெளியேறுமுன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் அமுக்கி, கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்து நிழலில் உலர்த்தப்பட வேண்டும். பருத்தி மிகுந்த நீரைத் தாங்கும். ஈரப்போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் எடையே அதனை இழுத்துக் கோணலாக்கிவிடும். இந்த ஒரு நனைப்பில் குறை தெரிந்துவிட்டால் அது வீட்டிற்குள் தெரிந்த குறை; வாங்கியவர் வீட்டில் தெரிந்தால் அது சங்கத்தின் பெயருக்கு வந்த குறை.

உழைப்பின் கணக்கு

இனி, யாரும் எழுதாத கணக்கை எழுதிப் பார்ப்போம். 54-க்கு 78 அங்குலப் போர்வையில் 3 அங்குலத்திற்கு ஒரு வரியாக நீளவாட்டில் ஏறத்தாழ 18 வரிகள். குறுக்கே 26 வரிகள். இரண்டும் சேர்ந்து சுமார் 2,800 அங்குலம், அதாவது 71 மீட்டர். அங்குலத்திற்கு ஆறு தையல் என்றால் ஏறத்தாழ 17,000 தையல்கள்! ஒருவர் ஒரு மணியில் 60 அங்குலம் தைப்பதாகக் கொண்டால் இதற்கு 47 மணி நேரம் வேண்டும். சதுரம் வெட்டி இணைக்கவும், அடுக்கவும், ஓரம் கட்டவும் இன்னும் 20 மணி என்று வைத்தால் மொத்தம் 67 மணி.

உதாரணத்திற்கு மணிக்கு 50 ரூபாய் கூலி என்று கொள்வோம். கூலி மட்டும் 3,350 ரூபாய். பொருட்செலவு 700 ரூபாய் என்றால் அடக்கவிலை 4,050 ரூபாய். இவ்வாறிருக்க, பொருட்செலவின்மேல் இருநூறு ரூபாய் வைத்து 900 ரூபாய்க்கு விற்றுவிட்டு ‘இருநூறு ரூபாய் லாபம்’ என்று பேரேட்டில் எழுதினால், அந்தப் பெண் மணிக்கு மூன்று ரூபாய்க்கு உழைத்தாள் என்பதே அதன் பொருள். ஓய்வு நேர வேலை என்று பெயரிட்டுவிட்டால் உழைப்பு இலவசமாகிவிடாது. தறியில் கணவன் நெய்யும் கஜத்திற்குக் கூலி எழுதும் சங்கம், மனைவியின் ஊசிக்கும் எழுதியே ஆக வேண்டும்.

அவ்வளவு விலைக்கு வாங்குவோர் இல்லையெனில் கூலியைக் குறைப்பது வழியன்று. வேலையைக் குறைப்பதே வழி. ஒட்டுத்துணியை விட்டு முழுத்துணியை மேலே வைத்து, நடுவில் பஞ்சுக்குப் பதில் மெல்லிய துணியிட்டு, ஒரே திசையில் தைத்தால் தையல் 1,404 அங்குலமாகப் பாதியாகும். 24 மணிக்குள் அடங்கும். குழந்தைக்கு 36-க்கு 45 அங்குல விரிப்பை இவ்வாறு தைத்தால் 540 அங்குலம், ஒன்பது மணி நேரமே. தொடக்கத்தில் இவற்றையே மிகுதியாகச் செய்து, முழு ஒட்டுத்துணிப் போர்வையை முன்கூட்டியே விலை பேசிய கேட்புக்கு மட்டும் தைப்பது அறிவுடைமை. ஆலைகளில் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்து வரும் போர்வைகளோடு விலையில் போட்டியிட முயல்வது வீண். அவை இலேசானவை, விரைவில் உலர்பவை. நம்முடையவை வியர்வையை உறிஞ்சுபவை, உடம்புக்கு இதமானவை. அந்தக் குணத்தைச் சொல்லியே விற்க வேண்டும்.

ஒரு வெளிநாட்டுச் சங்கம்

போர்வை தைக்கும் பெண்கள் கூட்டுறவு முறையில் ஒன்றுபட்டதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் வட்டாரத்துக் கறுப்பினப் பெண்கள், பழைய ஆடைகளைக் கொண்டு தம் குடும்பத்திற்கெனப் போர்வை தைத்து வந்தார்கள். அவர்கள் வாக்குரிமைக்காகப் போராடிய காலத்தில், பலர் அதன் பொருட்டே குடியிருப்பையும் வேலையையும் இழந்தார்கள். பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்துப் போர்வைகளை வாங்கி, நியூயார்க்கில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். 1966-ல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவு பிறந்தது. எஸ்டல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அதனை நெடுங்காலம் நடத்தினார்.

பெருநகரக் கடைகள் வாங்க முன்வந்தபோது, அளவும் தையலும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்று கேட்டன. மனம்போன போக்கில் தைத்துப் பழகிய பெண்கள் குறித்த வடிவங்களைத் தைக்கக் கற்றார்கள். அதில் அவர்கள் இழந்ததும் உண்டு, பெற்றதும் உண்டு. 1972 முதல் ஒரு பெரிய கடை நிறுவனத்திற்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது. போர்வையைவிட விரைவில் முடியும் அவ்வேலை மாதந்தோறும் கூலி தந்தது. 2012-ல் அச்சங்கம் மூடப்பட்டது. எனினும் அதன் வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. அளவில் ஒழுங்கின்றிப் பெருஞ்சந்தை இல்லை. பெரிய போர்வையை மட்டும் நம்பிச் சீரான வருமானமும் இல்லை.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, துணியைத் துவைத்து, சாயம் சோதித்து, பஞ்சை எடையிட்டு ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு கட்டாகவே கொடுக்க வேண்டும். அக்கட்டில் அளவு, தையல் இடைவெளி, கூலி மூன்றையும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, துணி, சாயம், பஞ்சு ஆகியவற்றால் வரும் நட்டம் சங்கத்தையே சேரும் என்றும், தையற்குறை இருப்பின் தைத்தவரே திருத்தித் தருவார் என்றும் நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி, தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். வாய்ச்சொல் போதாது.

மூன்றாவதாக, முதல் மூன்று போர்வைகளுக்கு மணிக்கணக்கை உள்ளபடி குறித்து, அதன்மேல் கூலி நிர்ணயிக்க வேண்டும். கைதேர்ந்தவர் ஒருவர், புதியவர் ஒருவர், நடுத்தரமானவர் ஒருவர் என மூவரிடம் குறித்தால் சராசரி நியாயமாக அமையும்.

நான்காவதாக, விற்பனைச் சீட்டில் உண்மையே இருக்க வேண்டும். இரு புறமும் கைத்தறித் துணியாயின் அவ்வாறே சொல்லலாம். கீழ்த்துணி விசைத்தறியில் நெய்ததாயின் முழுவதும் கைத்தறி என்று எழுதுவது, நம் தறிகளுக்கு நாமே செய்யும் தீங்கு. 2006-ல் இந்திய அரசு கைத்தறி முத்திரையைத் தொடங்கியதன் நோக்கமே வாங்குபவரின் நம்பிக்கையைக் காப்பதுதான். அளவு, பஞ்சின் எடை, சலவை முறை ஆகியவற்றையும் சீட்டில் அச்சிட வேண்டும்: தண்ணீரில் சவர்க்காரமிட்டு அலசுக, முறுக்கிப் பிழியற்க, விரித்து நிழலில் உலர்த்துக, ஈரம் முற்றும் நீங்கிய பின்பே மடித்து வைக்க.

இவற்றைச் செய்யும் சங்கத்தில் அலமாரியில் தேங்கிய துண்டுத் துணி பணமாகும். பருத்தி அங்கத்தினரின் குட்டை இழைக்கு ஒரு சிறு சந்தை கிட்டும். வீட்டுப் பெண்ணின் கைக்கு நியாயமான கூலி சேரும். இவற்றைச் செய்ய இயலாத சங்கம் இத்தொழிலைத் தொடங்காதிருப்பதே அங்கத்தினருக்கு நன்மை. அடுத்த பொதுக்குழுவில் இதனைப் பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்திற்குத் தைக்கவிருக்கும் பெண்களையும் தவறாமல் அழைத்து, கூலியைப் பற்றி அவர்கள் சொல்வதை முதலில் கேட்க வேண்டும்.